யாங்கோனில் வேலைக்குப் போய் வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில் பாகோவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் இங்கே யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வேலைக்கு வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு மாதம் போனால் கேட்பதெல்லாம் பஸ்ஸையும் ரயிலையும் பற்றித்தான். தமிழ்நாட்டிலிருந்து கம்பெனி அனுப்பி வருபவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறார்கள். பஸ் நம்பரும் கட்டணமும் அடிக்கடி மாறும் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். தினமும் போய் வருகிறவர்களுக்கு இது எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் இங்கே.

வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

வடக்கே இன்செய்னில் வீடு, நடு ஊரில் சூலே பகோடா பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் அதுவே இரட்டிப்பாகும், சில நாள் அதற்கும் மேல். அதனால்தான் யாங்கோன்காரர்களிடம் தூரம் கேட்டால் யாரும் மைல் கணக்குச் சொல்வதில்லை. "ஏழு மணிக்குள் கிளம்பிவிடு, இல்லாவிட்டால் கடவுள் விட்ட வழி" என்பார்கள்.

நான் பார்த்தவரை, நீண்ட பயணத்தை இங்கே யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாததுதான் ஆளை வதைக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்து வரும் ஒரு மணி நேரம் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். நிறுத்தத்தில் நின்று, வருகிற பஸ்ஸெல்லாம் வேறு நம்பராகப் போவதைப் பார்க்கும் இருபது நிமிடம் மாலை வரைக்கும் எரிச்சலாக இருக்கும்.

ஊர் ஏன் இவ்வளவு பரந்து கிடக்கிறது? அந்தக் காலத்தில் நம்மவர்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்?

பெரும்பாலும் போகவே இல்லை. வேலை இருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டார்கள். மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது லேவாதேவிக் கடைகள், இருந்தன. பகலில் பெட்டகமும் கணக்குப் புத்தகமும் இருந்த அதே கூடத்தில்தான் இரவில் பாய் விரிக்கப்படும். ஏஜண்டும் அடுத்தாளும் கணக்குப்பிள்ளையும் சமையல்காரரும் ஒரே கூரையின் கீழ். இன்செய்ன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்களுக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். சங்கு ஊதினால் நடந்தே போய்விடலாம். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். ஆற்றங்கரை ஓரத்துச் சதுரமான தெருக்களுக்குள்ளேயே அவர்களில் பெரும் பங்கினர் பிழைத்தார்கள். 1906 முதல் எலெக்ட்ரிக் டிராம் ஓடியது. இரண்டாம் உலகப் போரோடு அதுவும் போயிற்று.

போருக்குப் பிறகு நகரத்தில் குடிசைகள் பெருகின. 1958-இல் வந்த ராணுவக் காபந்து அரசு அவற்றை அகற்றி, மக்களை வடக்கு ஒக்கலாபா, தெற்கு ஒக்கலாபா, தாக்கேட்டா என்ற புதிய பேட்டைகளுக்கு அனுப்பியது. 1988-க்குப் பிறகு லைங்தாயா, ஷ்வேபீத்தா, புதிய டகோன் பேட்டைகள் வந்தன. ஜனங்கள் வெளியே போனார்கள், ஆபீஸும் கடையும் நடு ஊரிலேயே நின்றுவிட்டன. இன்று நீங்கள் பஸ்ஸில் செலவழிக்கும் நேரத்தில் பாதி, அப்போது யாரோ ஒரு வரைபடத்தில் போட்ட கோட்டினால் வந்தது.

எல்லோருமே இதை வெறுக்கிறார்களா?

உலகம் முழுக்கப் பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள். 2004-இல் டேனியல் கானமனும் மற்றவர்களும் அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளில் செய்த ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமையாக இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் இருந்தது. வீட்டு வேலையை விடவும் கீழே.

ஆனால் கலிபோர்னியாவில், பயணத்துக்கு எவ்வளவு நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வேறு சிலர் கேட்டபோது, "பூஜ்யம்" என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. சராசரியாக வந்த பதில் 16 நிமிடம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி மனிதனுக்குத் தேவைப்படுகிறது போலும். இங்கே எட்டுப் பேர் இருக்கும் இரண்டு அறை வீட்டிலிருந்து வருகிற ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கென்று இருக்கிறது என்பாள். எனக்கும் அப்படித்தான், சீட் கிடைக்கிற நாட்களில்.

ரவுண்டு ரயிலில் போகலாமா?

அவசரம் இல்லாவிட்டால் தாராளமாக. ஊரைச் சுற்றி சுமார் 46 கிலோமீட்டர் வளையம், கிட்டத்தட்ட 40 நிலையங்கள். பழைய வண்டிகளில் முழுச் சுற்றும் வர மூன்று மணி நேரம் ஆகும். தண்டவாளத்தையும் சிக்னலையும் சீர்செய்ய ஜப்பான் உதவியோடு வேலை நடந்தது. அதற்காக விரைவு ரயில் என்று நினைத்துப் போய்விடாதீர்கள்.

ரயில்காரர்களும் பஸ்காரர்களும் தனித்தனி ஜாதி. பஸ்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், ரயில்காரர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பெட்டியின் இரண்டு பக்கமும் நீளமான பெஞ்ச், எல்லோரும் முகத்துக்கு முகம் உட்கார வேண்டியதுதான். தன்யின்கோன் சந்தை வந்ததும் கீரைக்கட்டும் முள்ளங்கியும் காலிஃபிளவரும் கூடை கூடையாக ஏறும். ஏற்றிவிட்டு அந்த அம்மாக்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தரையில் குந்தி, வாழைநாரைப் பல்லில் கடித்து இழுத்து, பெரிய கட்டைப் பிரித்துச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டிக்கொண்டே வருவார்கள். அவர்கள் இறங்கும்போது சரக்கு விற்பனைக்குத் தயார். வேலைக்குப் போகும் வழி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர்களுக்கு வேலை அப்போதே பாதி முடிந்திருக்கும்.

நடுவே காடை முட்டை, அவித்த சோளம், வெற்றிலை எல்லாம் தலைமேல் தட்டில் வரும். வெற்றிலைக்காரர் உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் நீங்கள் யாங்கோன்காரர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ரயிலை நம்பி மட்டும் வாழ முடியாது. 2021-இல் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ரயில்கள் நின்றன. அப்போது பஸ்ஸுக்கு மாறியவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. ஆக, ரயிலில் போகிறவர்களும் ஒரு பஸ் வழியைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பஸ் எப்படி? முன்பு ரொம்ப மோசம் என்று சொல்கிறார்களே?

மோசம்தான், கலகலப்பும்தான். 2017 ஜனவரி 16-ஆம் தேதி ஒய்பிஎஸ் (யாங்கோன் பஸ் சர்வீஸ்) என்ற புதிய முறை வந்தது. முன்னூறுக்கும் மேல் இருந்த வழித்தடங்களை எழுபது சொச்சமாகக் குறைத்தார்கள். அதற்கு முன் டிரைவரும் கண்டக்டரும் வண்டி முதலாளிக்கு அன்றாடம் ஒரு தொகை கட்ட வேண்டும், மிச்சம்தான் அவர்களுக்கு. அதனால் ஒரே வழியில் ஓடும் இரண்டு பஸ்கள் அடுத்த நிறுத்தத்து ஆட்களைப் பிடிக்கப் பந்தயம் விடும். ஆள் சேரும் வரை நகராமல் நிற்பதும் அதே காரணத்தால்தான். டைனா என்ற, பஸ்ஸாக ஓடிய சின்ன லாரியின் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்னொரு கூத்து. 1970-இல் பர்மா இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் வந்திறங்கிய பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து, இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தவை. ஆகவே பஸ்ஸின் கதவு நடைபாதைப் பக்கம் இல்லாமல் நடுரோட்டுப் பக்கம் திறக்கும். இறங்குகிறவர் பாய்ந்து வரும் கார்களுக்கு நடுவேதான் கால் வைக்க வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் ஏதோ ஜப்பானியப் பள்ளிக்கூடத்தின் பெயர் அப்படியே இருக்கும். புது பஸ்கள் வந்த பிறகு கதவு சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வயதானவர்கள் பயமில்லாமல் பஸ் ஏற ஆரம்பித்ததே அப்புறம்தான்.

கண்டக்டர் போய்க் கட்டணம் போடும் உண்டியல் வந்தது, பிறகு தொட்டுக் காட்டும் அட்டையும் வந்தது. முன்பெல்லாம் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி "பாலா?" என்று கத்துவார், இறங்க ஆள் உண்டா என்று. உள்ளே இருந்து ஒருவர் "பாடே!" என்றால் வண்டி நிற்கும். கூட்டத்தில் நசுங்கிக் கிடக்கும் கிழவி முணுமுணுத்தாலும் அந்தக் கண்டக்டருக்குக் கேட்டுவிடும். நிறைய பேருக்கு அந்தச் சத்தம் இல்லாதது ஒரு குறை. எனக்கு இல்லை. அவர்களிடம் வாங்கிய திட்டு மறக்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு: பர்மிய எண்களை உடனே கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாலை போதும். டிரைவரை "ஸயா" (ஆசிரியர்) என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள். புத்த பிக்கு ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள், யாரும் சொல்லாமலே.

பைக் வாங்கிவிட்டால் என்ன?

மண்டலேயில் வாங்கலாம். யாங்கோன் நகரத்துக்குள் 2003 முதல் மோட்டார் பைக்குக்குத் தடை. ஓர விளிம்புப் பேட்டைகளில் ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் தம்பிகள் இதைக் கேட்டதும் சோறு பிடுங்கப்பட்டது போல் ஆகிவிடுகிறார்கள். சந்துக்குள் போக சைக்கா இருக்கிறது: சைக்கிளின் பக்கத்தில் இரண்டு சீட், ஒருவர் முன்னே பார்த்து, ஒருவர் பின்னே பார்த்து.

டலாவில் வாடகை குறைவு என்கிறார்கள். ஆற்றைக் கடந்து தினமும் வர முடியுமா?

ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பான்சோடான் துறையிலிருந்து படகில் பத்து நிமிடம்தான். 2014-இல் ஜப்பான் கொடுத்த செர்ரி என்ற மூன்று படகுகள் ஓடத் தொடங்கின. சின்ன மோட்டார் சம்பானும் உண்டு, மழைக்காலத்தில் அதில் ஏற நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்டவரை, டலாக்காரர்கள் அளவுக்குத் தங்கள் பயணத்தைத் திட்டாதவர்கள் யாங்கோனில் இல்லை. ஆற்றுக் காற்று, குளிர்காலத்தில் படகைச் சுற்றும் கடற்பறவைகள், அவற்றுக்குத் தீனி வீசும் பிள்ளைகள் என்று அதில் ஒரு சுகம் இருக்கிறது. முக்கியமாக, ஆற்றில் டிராஃபிக் ஜாம் கிடையாது. அவர்கள் புலம்புவதெல்லாம் படித்துறைக்கு வரும் வழியைப் பற்றியும், கடைசிப் படகைப் பற்றியும்தான். அதைத் தவறவிட்டால் ராத்திரி சொந்தக்காரர் வீடுதான். கொரியா உதவியோடு 2019-இல் பாலம் வேலை தொடங்கியபோது அங்கே இருந்த ஒரு டீக்கடைக்காரர், "வாடகை ஏறப்போகுது அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் தமிழில் போன் பேசலாமா?

இதைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு, மனதுக்குள் கேட்பவர்கள் அதிகம். பேசலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் நம்மில் பலர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம்.

பர்மிய லுங்கி கட்டி, கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசி, பர்மியப் பெயரில் அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்து அவள் தமிழ்ப் பெண் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. போன் அடித்து "அம்மா, பஸ்ஸுல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றதும் இரண்டு தலை திரும்பும். பெரும்பாலும் வெறும் ஆச்சரியம். சில சமயம் "கலா" என்ற, இந்தியர்களைக் குறிக்கும் பர்மியச் சொல் காதில் விழும். சொல்பவர் தொனியைப் பொறுத்து அது வலிக்கும், அல்லது வலிக்காது. பெரியவர்கள் அறுபதுகளைப் பார்த்தவர்கள். கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாகி, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறிப் போன காலம் அது. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிரு என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இளையவர்கள் அவ்வளவு பார்ப்பதில்லை. காதில் இயர்போன், அதில் தமிழ்ப் பாட்டு, சத்தம் கொஞ்சம் வெளியேயும் கசியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அனோராத்தா சாலையில் காளி கோயில் பக்கம் வண்டி போகும்போது கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். எதிரே நீங்களும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் "எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கும். கல்யாணம் வரை போன கதைகள்கூட எனக்குத் தெரியும்.

பெண்கள் தனியாகப் போய் வரலாமா?

போய்த்தான் வருகிறார்கள். காலை பஸ்ஸில் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருப்பார்கள் போலத் தோன்றும். கூட்டத்தைச் சாக்காக வைத்து உரசுகிற ஆட்கள் இங்கேயும் உண்டு. 2012-இல் பஸ் நிறுத்தங்களில் பெண்களுக்கு விசில் கொடுத்து, யாராவது வம்பு செய்தால் ஊதுங்கள் என்று ஒரு பிரசாரமே நடந்தது. எந்த அளவுக்குத் தொல்லை இருந்தால் விசில் வரை போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பையை முன்னால் மாட்டிக்கொள்வதும், வயதான பர்மிய அம்மா ஒருவர் பக்கத்தில் போய் நிற்பதும் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்வது. அந்த அம்மா கேட்காமலே முழங்கையால் இடம் பண்ணிக் கொடுப்பார்.

லைங்தாயா தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனி வண்டி வரும். அதை இங்கே எல்லோரும் "ஃபெரி" என்றுதான் சொல்வார்கள், ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலை தேடும்போது ஃபெரி உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் ஃபெரி இருக்கும் வேலைதான் நிலைக்கிறது.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 2,700 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்கு. நடு ஊர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர் சாதாரணம். லுங்கி இதற்காகவே பிறந்த உடை, தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்துவிடலாம். பேண்ட் போட்டு வரும் புதியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ரப்பர் செருப்பில் வந்து, ஆபீஸ் செருப்பை மேஜைக்கு அடியில் வைத்திருங்கள். மழை நாளில் தாமதமாக வந்தால் எந்த முதலாளியும் கேட்பதில்லை, அவரும் தாமதமாகத்தான் வருவார்.

இரவு வேலை ஏற்றுக்கொள்ளலாமா?

கம்பெனி வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டால் மட்டும். 2021-இல் இரவு ஊரடங்கு வந்ததிலிருந்து ஊர் சீக்கிரம் அடங்கிப் பழகிவிட்டது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அதற்குப் பிறகு அந்த வயதுப் பையன்கள் இருக்கும் வீடுகளில் பொழுது சாய்ந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கே இருக்கிறாய், எந்த நிறுத்தம், இன்னும் எவ்வளவு நேரம். போக்குவரத்தைப் பற்றி எப்படி உணர்கிறீர்கள் என்று அந்தத் தாய்மாரைக் கேட்டால் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

டாக்சி?

பேரம் பேசி ஏற வேண்டும். 2017 முதல் கிராப் செயலியும் இருக்கிறது. 2011-க்குப் பிறகு கார் இறக்குமதி எளிதாகி ஊரே கார்மயமானது, அந்த நெரிசலில் டாக்சியும்தான் நிற்கும். தினமும் கட்டுப்படியாகாது.

பேசாமல் நடு ஊரிலேயே வீடு பார்த்தால்?

யோசிக்க வேண்டிய கேள்வி. ஜெர்மானியர்களின் தரவை வைத்து ஆராய்ந்த ஸ்டுட்சர், ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், நீண்ட தூரம் போகிறவர்கள் குறைந்த வாடகையாலோ கூடுதல் சம்பளத்தாலோ அதற்கு ஈடாகத் திருப்தி அடைவதில்லை என்று கண்டார்கள். பெரிய வீட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறோம், தினசரி அலைச்சலுக்குப் பழகுவதில்லை.

ஆனால் யாங்கோனில் வீட்டு முதலாளி ஆறு மாதம், ஒரு வருஷ வாடகையை ஒரே தடவையில் கேட்பார். அந்தப் பணம் கையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கேள்வியே. குறைந்த விலைக்குக் கிடைப்பது ஆறாவது மாடியாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, கரண்ட் இல்லாத நேரம் மோட்டார் ஓடாது என்பதால் தண்ணீரும் இருக்காது. தனி ஆளாக இருந்தால் வாருங்கள் என்பேன். வயதான அப்பா அம்மாவோடு என்றால் ஒக்கலாபாவிலோ தாக்கேட்டாவிலோ தரைத்தள வீடும், அதற்காக பஸ்ஸில் ஒரு மணி நேரமும் மேல். படிக்கட்டைப் பார்த்து மாதக்கணக்கில் கீழே இறங்காமலே இருக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? பஸ்ஸில் வாடை வந்தால் முகம் சுளிப்பார்களா?

மாட்டார்கள். பாதிப் பேர் கையில் அடுக்கு டிபன் கேரியர்தான், அவர்கள் கொண்டுவரும் ஙப்பி என்ற மீன் விழுதுக்கு முன்னால் நம் புளிக்குழம்பு எம்மாத்திரம். சோற்றை மேலடுக்கிலும் குழம்பைக் கீழடுக்கிலும் வையுங்கள், கேரியரை மடியில் வைக்காமல் காலுக்கு நடுவே நிறுத்துங்கள். திடீர் பிரேக் போடுவதில் மட்டும் ஒய்பிஎஸ் வந்தும் ஒன்றும் மாறவில்லை.